கிளாரன்ஸ் டாரோ

கிளாரன்ஸ் டாரோ 1857ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சேர்ந்த ஒகையோ மாநிலத்தில் பிறந்தார். சிகாகோ நகரில் இருப்புப்பாதைக் கம்பெனி ஒன்றின் வழக்கறிஞராய் அமர்ந்து நல்ல ஊதியம் பெற்று வந்தார். 1894ஆம் ஆண்டில் இருப்புப்பாதைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்தம் தலைவர் யூஜீன் டெப்ஸ் மீது வழக்குத் தொடரப்பட்டது. டாரோ தம் பதவியைத் துறந்து, டெப்ஸின் சார்பில் வாதாட முன்வந்தார். அதுமுதல் தொழிலாளர் அவரைத் தம் துணைவராகக் கொண்டனர்.

1910ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் நாளிதழ் நிலையம் ஒன்று வெடிகுண்டால் தகர்ந்தது. இருபது பேருக்குக் குறையாமல் மாண்டனர். குற்றம் சாட்டப்பெற்ற மக்னமாரா சகோதரர்களுக்காக டாரோ வழக்காட ஒப்பினார்.

அந்நாட்டில், பொதுமக்களுள் தேர்ந்தெடுக்கப்பெற்ற பன்னிருவர் ஜூரிகளாய் இருந்து, குற்றம் உண்டா இல்லையா என முடிவு செய்வர். அவர்கள் நடுநிலை பிறழின் நீதி நிலைபெறாது. 1911 நவம்பர் 28ஆம் நாள், ஜூரிகளைப் பற்றி விசாரித்தறிய டாரோ அமர்த்தியிருந்த பிராங்க்ளின் என்பவர், ஜூரியாக வரவிருந்த ஒருவருக்குக் கையூட்டு அளித்தபோது தெருவிலேயே பிடிபட்டார். அவ்விடத்தில் டாரோவும் காணப்பட்டார்! சில நாட்களில் சகோதரர் இருவரும் குற்றத்தை ஒப்புக்கொண்டு தூக்குத் தண்டனையினின்று தப்பினர். அவர்களைக் குற்றமற்றவரென நம்பியிருந்த தொழிலாளர் டாரோவை வெறுத்தனர்.

பிறருக்காக வாதாடிய டாரோ 1912ஆம் ஆண்டில் தாமே குற்றவாளிக் கூண்டில் நின்றார். பிராங்க்ளின் அவருக்கு எதிராகச் சாட்சி கூறினார். இறுதியில் டாரோ எழுந்து தமக்காகத் தாமே பேசினார். கேட்டோர் கண் கலங்கினர். ஜூரிகள் அவரை விடுதலை செய்தனர். எனினும், மற்றொரு ஜூரியைப் பற்றிய வழக்கு 1913இல் நடந்தபோது ஜூரிகள் ஒருமனப்படவில்லை. பின்னர் அவ்வழக்குக் கைவிடப்பட்டது. அவர் குற்றம் புரிந்தாரா என்பதில் வரலாற்றாசிரியர் இன்றும் கருத்து வேறுபடுகின்றனர்.

செல்வமும் நற்பெயரும் இழந்து சிகாகோவுக்குத் திரும்பிய டாரோ சோர்ந்து ஒழிந்தாரில்லை. 1924இல் இளைஞர் இருவரை மரண தண்டனையினின்று காத்தார். அடுத்து, டிட்ராய்ட் நகரில் தம் வீட்டைச் சூழ்ந்த வெள்ளையர் கூட்டத்தினின்று தம்மைக் காத்துக்கொள்ள முயன்று, கொலைக் குற்றம் சாட்டப்பெற்ற நீக்ரோ மருத்துவர் ஆசியன் சுவீட் குடும்பத்தாருக்காக வாதாடினார். 1926இல் மருத்துவரின் தம்பி விடுதலை பெற்றார். டாரோ 1938ஆம் ஆண்டில் காலமானார்.

எளியோர்க்கு அவர் ஆற்றிய தொண்டு பெரிது. அவர்மேல் வீழ்ந்த ஐயமும் முற்றிலும் நீங்கியதில்லை. நோக்கம் நல்லதாயினும், அதனை அடையும் வழியும் தூயதாதல் வேண்டும் என்பதை அவர் வாழ்க்கை நமக்கு நினைவூட்டுகின்றது.