அறுபதைக் கடந்த வைத்தியர்: சேர் வில்லியம் ஒஸ்லர்

1905-ஆம் ஆண்டு பெப்ரவரி 22-ஆந் திகதி, அமெரிக்காவின் பால்டிமோர் நகரிலுள்ள ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்திலே வைத்தியப் பேராசிரியர் ஒருவர் பிரியாவிடை உரை நிகழ்த்தினார். உலகின் அரும்பணிகள் பெரும்பாலும் நாற்பது வயதுக்குள்ளேயே முடிந்துவிடுகின்றன என்றும், அறுபதைத் தாண்டியவர் தொழிலினின்றும் விலகுதலே நலம் என்றும் அவர் கூறினார். முதியோருக்கு வயதெல்லை வகுத்து அவர்தம் வாழ்வை முடித்துவிடும் கற்பனை நாடொன்றைப் பற்றி அந்தனி ரொலப் எழுதிய நாவலையும், குளோரபோம் மருந்தையும் வேடிக்கையாகக் குறிப்பிட்டார். பத்திரிகைகள் வேடிக்கையை விட்டு விபரீதத்தையே பற்றிக்கொண்டன. நாடெங்கும் கண்டனம் எழுந்தது. முதியோரைத் தீர்த்துக்கட்டுதல் என்னும் பொருளில் அவர் பெயரே ஒரு வினைச்சொல்லாயிற்று. அவர்தாம் வில்லியம் ஒஸ்லர். அப்பொழுது அவருக்கு வயது ஐம்பத்தைந்து.

கனடாவிலே, 1849-ஆம் ஆண்டு ஜூலை 12-ஆந் திகதி, பாதிரியார் ஒருவரின் மகனாகப் பிறந்தவர் ஒஸ்லர். மொன்றியல் நகரின் மக்கில் பல்கலைக்கழகத்தில் 1872-இல் வைத்தியப் பட்டம் பெற்று, அங்கேயே ஆசிரியரானார். பின்னர் பிலடெல்பியாவில் ஐந்தாண்டு கற்பித்து, 1889-இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் சென்றார். மாணவரை ஏட்டுப் படிப்போடு நிறுத்தாமல், நோயாளியின் கட்டிலருகே அழைத்துச் சென்று கற்பித்தமையே அவரது பெருஞ்சாதனை. 1892-இல் வெளியிட்ட வைத்திய நூலை மீண்டும் மீண்டும் திருத்திப் புதுப்பித்து வந்தார். கலங்காத மனமே வைத்தியனுக்கு இன்றியமையாத குணம் என்பது மாணவருக்கு அவர் அளித்த போதனை.

அந்தப் போதனைக்கும், அறுபதைப் பற்றிய தீர்ப்புக்கும் காலம் அவரையே சோதனைக்கு உட்படுத்தியது.

1905-இல் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தின் வைத்தியப் பேராசிரியர் பதவியை ஏற்றார். 1909-இல் அறுபது வயது நிரம்பியது. அவர் விலகவில்லை. நோயாளரைப் பார்த்தார், கற்பித்தார், பழம் வைத்திய நூல்களைத் தேடித்தேடிச் சேர்த்தார். நோரம் கார்டன்ஸ் வீதியிலிருந்த அவர் இல்லத்தின் கதவு இளைஞருக்கு என்றும் திறந்தே இருந்தது. மாணவரோடு நகைச்சுவையாய் உரையாடுவதிலும், சிறுவரோடு விளையாடுவதிலும் அவருக்கு அலுப்பே தோன்றியதில்லை. 1911-இல் அவருக்குச் சேர் பட்டம் கிடைத்தது.

1917-ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் பேரிடி விழுந்தது. ஒரே மகன் றெவியர், பெல்ஜியப் போர்முனையில் காயமுற்று இறந்தான். இருபத்தொரு வயது இளைஞன். அவனைக் காப்பாற்ற முயன்றவர்களுள் தந்தையின் நண்பரான அறுவைச்சிகிச்சை நிபுணர் ஹாவி குஷிங்கும் இருந்தார். வாழ்நாளெல்லாம் பிறர் பிள்ளைகளைப் பிழைக்க வைத்தவருக்குத் தம் பிள்ளையைக் காக்கும் வாய்ப்புக் கிடைக்கவில்லை. ஒஸ்லர் தனிமையிலே அழுதார். ஆயினும் நோயாளரையும் மாணவரையும் கைவிடவில்லை. கலங்காமை என்பது கல்நெஞ்சமன்று என்பதை அந்த நாட்களே காட்டின.

1919-ஆம் ஆண்டு மே மாதத்தில், கிரேக்க இலத்தீன் அறிஞர்களின் சங்கத்துக்குத் தலைவராக நின்று, பழங்கலைகளும் புதிய விஞ்ஞானமும் ஒன்றையொன்று நாடவேண்டிய தேவையை விளக்கினார். அவ்வாண்டு ஜூலையில், அவரது எழுபதாவது பிறந்தநாளையொட்டி, உலக அறிஞர்கள் எழுதிய கட்டுரைகள் இரண்டு தொகுதிகளாக வழங்கப்பட்டன. அவற்றைக் கையளித்தவர் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் சேர் கிளிபர்ட் ஓல்பட். அவருக்கு வயது எண்பத்திரண்டு! பதவியிலும் இருந்தார். பால்டிமோரிற் கூறிய தீர்ப்பை மறுப்பதற்கு வேறு சாட்சி வேண்டுமோ?

ஆறு மாதம் கழியுமுன்னர், 1919-ஆம் ஆண்டு டிசெம்பர் 29-ஆந் திகதி, நுரையீரல் நோயினால் ஒஸ்லர் மறைந்தார். அவர் சேர்த்த நூல்கள், அவர் விருப்பப்படியே மக்கில் பல்கலைக்கழகத்தைச் சென்றடைந்தன.

முதியோர் பற்றி ஒஸ்லர் சொன்னதில் உண்மையே இல்லை என்பதற்கில்லை. கற்பதை நிறுத்தி, இளையோரைக் கண்டு முகஞ்சுளிக்கும் வைத்தியன் நாற்பதிலேயே முதியவனாகிறான். அவர் பிழைத்த இடம் ஒன்றுதான்: முதுமையை ஆண்டுகளால் அளந்தார். அந்தப் பிழையைத் திருத்தியது வேறெவரும் அல்லர். அறுபதின் பின் அவர் வாழ்ந்த பத்தாண்டு வாழ்வே.