படிவத்தில் தம்மை யூதர் என்றெழுதிய நடிகர்

படிவங்களை நிரப்பியே காலங்கழிக்கும் நமக்கு, ஜேர்மன் நடிகர் கொன்ராட் ஃபைட் நிரப்பிய படிவமொன்றின் கதை அந்நியமாகத் தோன்றாது.

1893 இல் பேர்லினில் பிறந்த அவர், மாக்ஸ் ரைன்ஹார்ட்டின் நாடக அரங்கில் தேர்ந்து, மௌனப்பட யுகத்தின் பெருநடிகர்களுள் ஒருவராக உயர்ந்தார். 1920 இல் வெளியான 'டொக்டர் கலிகாரி' படத்தில், பெட்டியினுள் உறங்கி, எசமானின் ஏவலுக்கு எழுந்து கொலைசெய்யப் புறப்படும் சேசரே அவர்தான். கரிய உடையும் வெளிறிய முகமுமாகச் சுவரோரம் அவர் ஊர்ந்து செல்லும் காட்சி, பிற்காலத் திகிற்படங்கள் பலவற்றுக்கு முன்னோடியாயிற்று. 1928 இல் ஹொலிவூட்டில் எடுக்கப்பட்ட 'சிரிக்கும் மனிதன்' படத்தில் அவர் காட்டிய முகமே, 'பாட்மான்' சித்திரக்கதைகளின் ஜோக்கருக்கு மாதிரியானது.

1933 இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும், திரைத்துறையினர் தத்தம் இனத்தைப் படிவத்தில் எழுதிக் கொடுக்க வேண்டியதாயிற்று. ஃபைட் யூதரல்லர், அவ்வாண்டில் அவர் மணந்த லிலியே யூதப் பெண். ஆயினும் தமக்குரிய இடத்தில் அவர் யூதர் என்றே எழுதினார் என்பர். இருவரும் அவ்வாண்டே இங்கிலாந்து சென்றனர். அங்கு 1934 இல், யூதர் பட்ட துயரைக் கூறும் 'யூத சூஸ்' படத்தில் நடித்தார். (நாஸிகள் 1940 இல் அதே பெயரில் எடுத்த வெறுப்புப் படம் வேறு.) 1939 இல் பிரித்தானியப் பிரசையானார். 'பாக்தாத் திருடன்' படத்தில் மைசூர்ச் சிறுவன் சாபுவுக்கு எதிராக நின்ற மந்திரவாதி ஜஃபாரும் அவரே.

பின்னர் ஹொலிவூட்டில் அவருக்குக் கிடைத்தவற்றுட் பல நாஸிப் பாத்திரங்கள். எதற்கு அஞ்சி நாட்டைத் துறந்தாரோ, அதன் சீருடையையே பிழைப்புக்காக அணிய நேர்ந்தது. அப்பாத்திரங்கள் இழிந்தோராகவே காட்டப்படவேண்டும் என்று அவர் வற்புறுத்தினார் என்பர். 1942 இன் 'கஸாபிளாங்கா'வில் அவர் மேஜர் ஸ்ட்ராசர். உடன் நடித்த பீற்றர் லொரே, மார்செல் டாலியோ முதலானோரும் நாஸிகளுக்குத் தப்பி வந்தவர்களே. படிவத்தில் ஒரு சொல்லை எழுதியதிலும் இதற்கே கூடிய நெஞ்சுரம் வேண்டியிருந்திருக்கும் என்பது நமது எண்ணம்.

1943 ஏப்ரில் 3 ஆம் திகதி, லொஸ் ஏஞ்சல்ஸில் கோல்ஃப் ஆடிக்கொண்டிருக்கையில் மாரடைப்பால் காலமானார். வயது 50. போர் முடிய இன்னும் ஈராண்டு இருந்தது. அவரது சாம்பல், மனைவியின் சாம்பலோடு, 1998 இல்தான் வட லண்டனின் கோல்டர்ஸ் கிறீன் மயானத்தில் வைக்கப்பட்டது.