மரணக் கணக்கைப் படமாக்கிய மருத்துவர்

மாநகரிலே பல்லாயிரவர் அருகருகே வாழினும், அடுத்த தெருவிலே நிகழும் துன்பத்தை இத்தெருவார் அறிவதில்லை. நோயும் விபத்தும் வறுமையும் எவ்விடத்தே மிகுந்துள்ளன, எவ்விடத்தே இல்லை என்பதை ஒரே பார்வையிற் காண வழியிருப்பின் அவற்றின் காரணம் புலப்படும். காரணம் புலப்பட்டால் தடுக்கும் வழியும் பிறக்கும். இன்று கைபேசியிலே விரலால் தொட்டு விரிக்கும் நிலப்படங்களில் நோய்ப்பரவலையும் சாலை விபத்துக்களையும் நாம் காண்கிறோம். இம்முறைக்கு அடிகோலியவர்களுள் முன்வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் ஆங்கிலேய மருத்துவர் ஜான் ஸ்னோ. அப்பெரியாரின் வாழ்க்கையை அறிந்துகொள்ளுதல், பெருநகரிலே குடியேறி வாழும் நமக்குப் பெரிதும் பயன் தருவதாகும்.

1813ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் நாள் இங்கிலாந்தின் யார்க் நகரிலே அவர் பிறந்தார். தந்தையார் நிலக்கரிக் கிடங்கிலே உழைத்த தொழிலாளி. ஒன்பது மக்களுள் மூத்தவரான ஸ்னோ, 14ஆம் வயதிலேயே வீட்டைப் பிரிந்து, நியூகாசில் நகரத்து மருத்துவர் ஒருவரிடம் தொழில் பழகச் சென்றார். அக்காலத்திலேதான் காலரா என்னும் வாந்திபேதி முதன்முதலாக இங்கிலாந்தினுட் புகுந்தது. 1831-32ஆம் ஆண்டுகளிலே கில்லிங்வொர்த் என்னும் ஊரின் சுரங்கத் தொழிலாளர்க்கு மருத்துவம் செய்யும் பணி அவ்விளைஞர்க்கு வாய்த்தது. சுரங்கத்தினுள் கழிப்பிடமும் இல்லை. கை கழுவ நீரும் இல்லை. கழுவாத கையாலேயே தொழிலாளர் உணவு உண்டனர். இந்நிலைமையின் உட்பொருளைப் பின்னாளில் தம் நூலிலே அவர் விளக்கி எழுதினார்.

1836ஆம் ஆண்டில் அவர் இலண்டன் மாநகரை அடைந்து சோஹோ என்னும் நெருக்கமான பகுதியிலே தங்கி மருத்துவம் பயின்றார். 1844இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பேரறிஞர் பட்டம் பெற்றார். புலால் உண்ணாமையையும் மதுவிலக்கையும் இளமையிலேயே மேற்கொண்டவர் அவர், மணம் செய்துகொள்ளவில்லை. அறுவை மருத்துவத்தின்போது நோயாளிக்கு ஈதர், குளோரோபாரம் முதலிய மயக்கமருந்துகளை அளவறிந்து கொடுக்கும் கலையிலே அவர்க்கு இணையாவார் அந்நாளிலே அரியர். 1853இலும் 1857இலும் விக்டோரியா அரசியாரின் மகப்பேற்றின்போது குளோரோபாரம் கொடுத்தவரும் அவரே. அரசியாரின் அரண்மனைக்குச் சென்ற அதே கால்கள் ஏழையரின் சந்துகளிலும் வீடுவீடாக ஏறி இறங்கின என்பதே நாம் எண்ணி எண்ணி வியத்தற்குரிய செய்தி.

அந்நாளிலே காலரா நாற்றமுற்ற காற்றினாற் பரவுவது என்றே அறிஞரும் ஆட்சியாளரும் நம்பினர். ஸ்னோ வேறு வகையாகச் சிந்தித்தார். நஞ்சு காற்றிலே இருப்பின் நுரையீரலன்றோ முதலிலே தாக்கப்படும்? இந்நோயோ குடலையே முதலிற் பற்றுகிறது. ஆகவே நோயாளியின் கழிவிலுள்ள ஏதோ ஒன்று நீரிலே கலந்து பிறர் வாய்வழியாக உட்புகுதல் வேண்டும் என்று அவர் துணிந்தார். 1849ஆம் ஆண்டிலே இக்கருத்தைச் சிறு நூலாக வெளியிட்டார். உலகம் அதனைப் பொருட்படுத்தவில்லை.

1854ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் இரவு சோஹோவின் பிராட் தெருப் பகுதியிலே காலரா பெருங்கொடுமையுடன் தோன்றியது. மூன்றே நாட்களில் 127 பேர் மாண்டனர். பத்து நாட்களில் அத்தொகை ஐந்நூறை எட்டியது. இயன்றவரெல்லாம் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஓடினர். அத்தெருவுக்கு அண்மையிலேயே வாழ்ந்த ஸ்னோவோ ஓடவில்லை. தெருவிலிருந்த பொது அடிகுழாயின் மீது அவர் ஐயங்கொண்டார். இறப்புப் பதிவு அலுவலகத்திலே பெயர்களைப் பெற்றுக்கொண்டு, இறந்தோர் வீடுகளை நோக்கி நடந்தார். முதலிலே அவர் ஆராய்ந்தவை 83 மரணங்கள். அவற்றுள் 73 அவ்வடிகுழாய்க்கு அண்மையிலே நிகழ்ந்தவை. எஞ்சிய பத்தும் வேறு குழாய்களுக்கு அண்மையிலுள்ள வீடுகளைச் சேர்ந்தவை. ஆயினும் அப்பத்துள் ஐந்து குடும்பத்தார் பிராட் தெரு நீரின் சுவையை விரும்பி அதனையே வருவித்துப் பருகியவர்கள். வேறு மூவர் அக்குழாயின் அருகே பள்ளிக்குச் சென்ற சிறுவர்கள்.

இறவாதாரைப் பற்றியும் அவர் வினவினார். அவருடைய அறிவின் நுட்பம் இங்கேதான் ஒளிர்கிறது. அண்மையிலிருந்த ஏழையர் விடுதியிலே 535 பேர் வாழ்ந்தனர், இறந்தவரோ ஐவரே. அவ்விடுதிக்குத் தனிக் கிணறு இருந்தது. அதே தெருவிலிருந்த மதுவடிசாலையின் எழுபதுக்கு மேற்பட்ட தொழிலாளருள் ஒருவரும் மடியவில்லை. அவர்களுக்கு நாள்தோறும் பீர் வழங்கப்பட்டமையால், தெருக்குழாயின் நீரை அவர்கள் நாடவில்லை. தொலைவிலுள்ள ஹாம்ஸ்டெட் பகுதியிலே, காலராவே இல்லாத இடத்திலே, கைம்பெண் ஒருவர் இறந்தார். முன்பு பிராட் தெருவில் வாழ்ந்த அவர், பழகிய சுவையை விடமுடியாமல் அந்நீரை வண்டியிலே நாள்தோறும் வருவித்துப் பருகியிருந்தார். அவரைக் காண வந்து அந்நீரைப் பருகிய உறவினப் பெண்ணும் தம் ஊர் திரும்பி மாண்டார்.

செப்டம்பர் 7ஆம் நாள் மாலை வட்டார நிர்வாகக் குழுவினர் முன் ஸ்னோ தம் சான்றுகளை எடுத்துரைத்தார். மறுநாள் அடிகுழாயின் கைப்பிடி கழற்றப்பட்டது. அதனாலேயே நோய் நின்றது என்று கதை கூறுவோர் உளர். உண்மையை மறைத்தல் அப்பெரியார்க்குப் பெருமை சேர்க்காது. நோய் அதற்கு முன்பே தணியத் தொடங்கியிருந்தது. மக்களிற் பெரும்பகுதியினர் ஊரைவிட்டு நீங்கியிருந்தனர். இதனை ஸ்னோவே தம் நூலில் ஒப்புக்கொண்டுள்ளார்.

புகழ்பெற்ற நிலப்படம் பிறந்தது இதன் பின்னரே. 1855ஆம் ஆண்டில் விரிவுபடுத்தி வெளியிட்ட தம் நூலிலே அப்படத்தை அவர் சேர்த்தார். ஒவ்வொரு மரணத்திற்கும் ஒரு கறுப்புக் கோடு. ஒரே வீட்டில் பலர் மடிந்திருப்பின் கோட்டின்மேற் கோடு அடுக்கப்பட்டது. அடிகுழாய்கள் யாவும் குறிக்கப்பட்டன. பிராட் தெருக் குழாயைச் சூழ்ந்து கோடுகள் மலைபோற் குவிந்து நிற்றலும், பிற குழாய்களின் பக்கம் அவை அருகிப் போதலும் காண்பார் கண்ணுக்குத் தாமே விளங்கின. இப்படத்தின் மற்றொரு வடிவத்திலே, மக்கள் பிற குழாய்களைவிட இக்குழாய்க்கு எளிதில் நடந்து வரக்கூடிய எல்லையையும் கோடாக வரைந்தார். பறவை பறக்கும் தொலைவை அவர் அளக்கவில்லை. குடம் ஏந்திய பெண் நடக்கும் தொலைவையே அளந்தார்.

அவருடைய கருத்தை மறுக்கவெனப் புகுந்த ஹென்றி வைட்ஹெட் என்னும் பாதிரியார், அவ்வட்டாரத்து மக்களை வீடுவீடாக அறிந்தவர். அவர் ஆராய ஆராய ஸ்னோவின் கூற்றே மெய்யாயிற்று. பிராட் தெரு 40ஆம் எண் வீட்டிலே நோயுற்றிருந்த ஒரு குழந்தையின் துணிகளை அலசிய நீர் வீட்டின் கழிவுக்குழியிலே கொட்டப்பட்டதையும், அக்குழி கிணற்றுக்கு மிக அண்மையில் இருந்ததையும் கண்டுபிடித்தவர் அவரே. தோண்டிப் பார்த்தபோது குழியின் செங்கற்சுவர் சிதைந்து, கழிவு கிணற்றை நோக்கிக் கசிந்திருந்தது.

அதே 1854ஆம் ஆண்டிலே தென் இலண்டனிலும் ஸ்னோ பேராய்வொன்று நிகழ்த்தினார். அங்கே ஒரே தெருவிலே இரண்டு கம்பெனிகள் நீர் வழங்கின. லாம்பெத் கம்பெனி 1852இலேயே தேம்ஸ் ஆற்றின் மேற்பகுதிக்குச் சென்று தூய நீர் எடுக்கத் தொடங்கியது. மற்றொரு கம்பெனியோ நகரின் சாக்கடை கலந்த பகுதியிலேயே நீர் எடுத்தது. முதல் ஏழு வாரங்களில், தூய நீர் பெற்ற வீடுகளிலே பதினாயிரத்துக்கு 37 மரணங்கள்; மற்றவற்றிலே 315. ஒரே காற்றைச் சுவாசித்த அண்டை வீட்டாரிடையே இத்துணை வேறுபாட்டை நீரன்றி வேறெது விளைத்திருக்க முடியும்?

இருந்தும் அரசின் சுகாதாரக் குழுவினர் அவர் முடிவை ஏற்கவில்லை. அக்குழுவின் அறிக்கையிலும் அதே தெருக்களைக் காட்டும் நிலப்படம் ஒன்று இடம்பெற்றது என்பதை நாம் நினைவிற் கொள்ளல் வேண்டும். மரணங்கள் அதிலும் குறிக்கப்பட்டிருந்தன. எனினும் அவர்கள் அதிலே கண்டது தீய காற்றைத்தான். நிலப்படம் தானே பேசுவதில்லை. சரியான வினாவோடு நெருங்குவார்க்கே அது விடை தருகிறது. அவ்வினாவும் தெருவிலே நடந்து, கதவைத் தட்டி, துயருற்றார் சொல்வதைப் பொறுமையுடன் கேட்பார்க்கே பிறக்கிறது.

1858ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள், 45ஆம் வயதிலே, ஸ்னோ மறைந்தார். தம் காலரா நூலுக்காக 200 பவுனுக்கு மேல் செலவிட்ட அவர்க்குக் கைக்கு வந்தது சொற்பமே. புகழ்பெற்ற மருத்துவ இதழொன்று வெளியிட்ட சில வரி இரங்கற்குறிப்பிலே காலரா என்னும் சொல்லே இடம்பெறவில்லை. அக்குறையை அவ்விதழ் 2013ஆம் ஆண்டிலே ஏற்றுத் திருத்தம் வெளியிட்டது. இன்று அத்தெருவிலே அவர் நினைவாகக் கைப்பிடியில்லாத அடிகுழாய் ஒன்று நிற்கிறது. மதுவை வெறுத்த அவர் பெயரால் அருகிலேயே ஒரு மதுக்கடையும் விளங்குவது காலத்தின் விளையாட்டுப் போலும்!

நாம் வாழும் இக்கொல்கத்தா மாநகருக்கும் இவ்வரலாற்றிலே பங்குண்டு. 1884ஆம் ஆண்டிலே ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் கோக் இந்நகரிலே ஆராய்ந்து, காலராக் கிருமியை நோயாளிகளிடத்தும், மக்கள் பயன்படுத்திய குளத்து நீரிலும் கண்டறிந்தார். ஸ்னோ காணாமலே உய்த்துணர்ந்ததை அவர் கண்ணாற் கண்டார். 1959இல் அக்கிருமி சுரக்கும் நஞ்சின் செயலை ஆய்ந்து உலகுக்கு அறிவித்தவர் இந்நகரத்து அறிஞர் சம்புநாத் தே.

2020ஆம் ஆண்டில் கொரோனாப் பெருந்தொற்று பரவியபோது, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார் அமைத்த நிலப்படத்தை உலகெங்கும் மக்கள் நாள்தோறும் நோக்கினர். தொட்டவுடன் ஒவ்வொரு நாட்டின் கணக்கும் விரிந்தது. இத்தகைய வசதி ஸ்னோவுக்கு இல்லை. இரண்டு கால்களும் ஒரு குறிப்பேடுமே இருந்தன. ஆயினும் அவருடைய படத்திலுள்ள ஒவ்வொரு கோட்டின் பின்னும் அவர் கேட்டறிந்த ஒரு வீட்டின் கதை இருந்தது.

நம் சங்கத்து இளைஞர்கள் இதனை மனத்திலே கொள்வார்களாக. தேங்கும் சாக்கடையும், விளக்கெரியாத சந்தும், விபத்து மலிந்த நாற்சந்தியும் எங்கெங்கே உள்ளன என்று தத்தம் வட்டாரத்திலே நடந்து கண்டு நிலப்படத்திலே குறித்தால், நகராட்சியாரிடம் முறையிடுதற்கு அதனினும் வலிய சான்று வேறில்லை. பிறந்த ஊரை விட்டு வந்த நமக்கு, வாழும் ஊரின் நலமும் நம் பொறுப்பே. யார்க்கிலிருந்து இலண்டனுக்குக் குடியேறி அந்நகரத்தாரின் உயிருக்காக நடந்த அம்மருத்துவரின் புகழ் ஓங்குக!