கோயில் கதவுக்கு முன்னாடியே வீட்டுக் கதவைத் திறந்த மதுரை வக்கீல்!

மதுரைக்குப் போனால் மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போகாமல் திரும்ப மாட்டீங்க இல்லையா? வாசலில் செல்போனைக் கொடுத்துட்டு டோக்கன் வாங்குவீங்க, வரிசையில் நிற்பீங்க, தரிசனம் முடிஞ்சதும் பொற்றாமரைக் குளத்துப் படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துட்டு வருவீங்க. நீங்க என்ன சாதின்னு அந்த வரிசையில் யாரும் கேட்கப்போவதில்லை.

1939 ஜூலை 8 வரைக்கும் அப்படி இல்லை. ஊரில் ஏராளமானவர்களுக்கு அந்தக் கோபுரத்தை வெளியே நின்று பார்க்க மட்டும்தான் அனுமதி. அந்த நிலைமையை மாற்றியவர்களில் முக்கியமானவர், கறுப்புக் கோட்டு போட்ட ஒரு வக்கீல். பெயர் அ.வைத்தியநாத ஐயர். பாடப் புத்தகத்தில் ஒரு வரியில் கடந்து போயிருப்பீங்க. அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஒரு முழுக் குடும்பத்தின் வாழ்க்கை இருக்கு.

வாத்தியார் டு வக்கீல்

தஞ்சாவூர் பக்கம் விஷ்ணம்பேட்டையில் 1890 மே 16-ல் பிறந்தவர் வைத்தியநாதன். குடும்பம் மதுரைக்கு வந்தது. சேதுபதி பள்ளியில் படிப்பு, பிறகு கல்லூரி, கொஞ்ச காலம் வாத்தியார் வேலை. அப்புறம்தான் சட்டம் படித்து வக்கீல் ஆனார். மதுரையில் தொழில் நன்றாகவே நடந்தது. கார் வைத்திருந்தார், அலமாரி நிறைய சட்டப் புத்தகங்கள் வைத்திருந்தார். அந்தக் காலத்தில் கார் வைத்திருந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். இன்றைய பாஷையில் சொன்னால் அவர் 'செட்டில்' ஆகிவிட்ட ஆள்.

அந்த நிலையில் நாமாக இருந்தால் என்ன பண்ணியிருப்போம்? வீட்டைப் பெருசா கட்டியிருப்போம், பிள்ளைகள் பேரில் நிலம் வாங்கியிருப்போம். அவர் காந்தியின் பின்னால் போனார்.

1930-ல் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பு எடுக்க நடந்து போனார்கள். ராஜாஜி கைதான பிறகும் போராட்டம் நிற்கவில்லை. அங்கே தடையை மீறிக் கூட்டத்தில் பேசினார் வைத்தியநாத ஐயர். போலீஸ் அவரை அடித்து இழுத்துப் போனது. கோர்ட்டில் மதிப்பாக நின்று வாதாடிப் பழகிய மனுஷர் தெருவில் அடி வாங்கினார். அதற்குப் பிறகும் சிறைக்குப் போவதும் வருவதுமாகவே இருந்தார். ஒருமுறை அபராதம் கட்டாததால் காரையும் சட்டப் புத்தகங்களையும் அரசாங்கம் பறிமுதல் செய்தது. வக்கீலிடமிருந்து புத்தகத்தைப் பிடுங்குவது, தச்சரிடமிருந்து உளியைப் பிடுங்குவது மாதிரி. அடுத்த மாசச் செலவுக்கு என்ன பண்றதுன்னு வீட்டில் இருப்பவர்கள்தானே யோசிக்கணும்?

வீட்டில் இருந்தவர் அகிலாண்டம்மாள். கணவர் போன வழியைப் பார்த்துப் புலம்பிக்கொண்டு உட்கார்ந்துவிடவில்லை. சுதந்திரப் போராட்டத்தில் அவரும் சிறைக்குப் போய் வந்தார்.

இலை போட்ட வீடு

இந்தக் கதையில் நீங்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. 'தீண்டாமை தப்பு'ன்னு மேடையில் பேசுவது அப்போதும் சுலபம்தான். பேசிவிட்டு வீட்டுக்கு வந்து, வாசலில் செருப்போடு சேர்த்து அந்தப் பேச்சையும் கழற்றி வைத்தவர்கள் நிறைய பேர். வைத்தியநாத ஐயர் வீட்டில் அது நடக்கவில்லை. ஒடுக்கப்பட்ட சமூகத்துப் பிள்ளைகள் அந்த வீட்டிலேயே தங்கினார்கள், சாப்பிட்டார்கள், படிக்கப் போனார்கள். ஆசாரமான பிராமணக் குடும்பம், 1930-கள், மதுரை. மூன்றையும் சேர்த்து யோசிச்சுப் பாருங்க. உறவுக்காரர்கள் விசேஷத்துக்குக் கூப்பிடுவார்களா, வீட்டுக்கு வந்தால் கை நனைப்பார்களா என்பதெல்லாம் அன்று சின்ன விஷயம் இல்லை. ஹரிஜன சேவா சங்கத்தின் தமிழ்நாட்டுப் பொறுப்பை அவர் ஏற்று நடத்தியபோது, அந்த வேலை அலுவலகத்தோடு முடியவில்லை. அடுப்படி வரைக்கும் வந்தது.

அப்படி அவருக்கு நெருக்கமானவர்களில் ஒருவர், மேலூர் பக்கம் தும்பைப்பட்டியைச் சேர்ந்த கக்கன். ஆமா, பிற்காலத்தில் அமைச்சராக இருந்தும் எளிமைக்குப் பெயர் போன அதே கக்கன்தான். இரவுப் பள்ளி, மாணவர் விடுதி என்று ஐயரின் வேலைகளில் தோள் கொடுத்தவர். ஐயருக்கு அவர் தொண்டர் மட்டும் இல்லை, பெறாத பிள்ளை.

அந்த ஜூலை காலை

1934-ல் மதுரைக்கு வந்த காந்தி, எல்லோரையும் உள்ளே விடாத கோயிலுக்குத் தானும் வரமாட்டேன் என்று மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போகாமலே திரும்பினார். 1936-ல் திருவிதாங்கூர் மன்னர் தன் ஆளுகையில் இருந்த கோயில்களைத் திறந்துவிட்டார். மதுரை எப்போது என்ற கேள்வி வந்தது. கூட்டம் கூட்டமாகப் பிரசாரம் செய்தார் வைத்தியநாத ஐயர். எதிர்ப்பு பலமாக இருந்தது, மிரட்டலும் வந்தது. முத்துராமலிங்கத் தேவர் ஆதரவாக நின்றார். கோயிலின் நிர்வாக அதிகாரி ஆர்.எஸ்.நாயுடுவும் தடுக்கவில்லை.

1939 ஜூலை 8 காலை. கக்கன் உள்ளிட்ட ஐந்து தலித்துகளையும், விருதுநகரைச் சேர்ந்த எஸ்.எஸ்.சண்முக நாடாரையும் அழைத்துக்கொண்டு ஐயர் உள்ளே போனார். சாமி கும்பிட்டார்கள், வெளியே வந்தார்கள். இன்று நீங்கள் ஒரு சனிக்கிழமை சாதாரணமாகச் செய்யும் காரியம் அது, அவ்வளவுதான். அதற்கு அன்று எத்தனை தைரியம் வேண்டியிருந்தது! ஐயர் பயந்தது போல நடந்திருந்தால் அவருக்குப் போவது மரியாதை. அந்த ஆறு பேருக்கோ உயிரே போயிருக்கலாம். அதனால் ஐயரைப் புகழும்போது அவர்களை மறந்துடாதீங்க. உள்ளே எடுத்து வைத்த கால் அவர்களுடையது.

அதோடு முடியவில்லை. அர்ச்சகர்களில் ஒரு பகுதியினர் பூஜை செய்ய மறுத்தார்கள். சிலர் கோயிலையே விட்டு விலகி, வேறோர் இடத்தில் தனியாக ஒரு மீனாட்சியை வைத்துக் கும்பிட ஆரம்பித்தார்கள். வழக்குகள் வந்தன. ஐயரின் குடும்பத்தை அவருடைய சாதிக்காரர்களே ஒதுக்கினார்கள். ஆனால் முதல்வராக இருந்த ராஜாஜியின் அரசு உடனே அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அதே ஆண்டில் கோயில் நுழைவுக்கு முறையான சட்டமும் வந்தது. திறந்த கதவை மறுபடி சாத்த முடியவில்லை. 1946-ல் காந்தி மறுபடி மதுரைக்கு வந்தார். இந்த முறை அம்மனைப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

அதே 1946-ல் மேலூர் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினரானார் வைத்தியநாத ஐயர். 1952 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார்.

யார் பிள்ளை?

1955 பிப்ரவரி 23. வைத்தியநாத ஐயர் தன் 64-வது வயதில் காலமானார். செய்தி கேட்டு ஓடி வந்தார் கக்கன். பெற்ற பிள்ளைகளோடு சேர்ந்து தானும் தலையை மழித்துக்கொண்டு, ஒரு மகனாக ஈமச்சடங்குகளைச் செய்ய முன்வந்தார். உறவினர்கள் சிலர் ஆட்சேபித்தார்கள். ஐயரின் பிள்ளைகள் ஆட்சேபிக்கவில்லை. கக்கனும் எங்கள் சகோதரர்தான் என்று அவர்கள் பக்கத்தில் இடம் கொடுத்தார்கள்.

அந்த வக்கீல் வாழ்நாள் முழுக்க எத்தனையோ வழக்குகளில் ஜெயித்திருப்பார், தோற்றிருப்பார். அவருக்குக் கிடைத்த பெரிய தீர்ப்பு இதுதான்னு தோணுது. அப்பா சொன்னதை ஊர் ஏற்றுக்கொள்வது ஒரு வெற்றி. அப்பா இல்லாத நாளில், யாரும் கட்டாயப்படுத்தாமல், பிள்ளைகள் அதையே செய்வது அதைவிடப் பெரிய வெற்றி. சின்ன வயசிலிருந்தே ஒரே பந்தியில் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு அதில் யோசிக்க எதுவும் இருந்திருக்காது.

1999-ல் அவர் நினைவாக அஞ்சல் தலை வெளியானது. நம்மில் பலர் அதைப் பார்த்திருக்கக்கூட மாட்டோம், பரவாயில்லை. அடுத்த முறை மதுரைக்குப் போய், செல்போனைக் கொடுத்துட்டு அந்த வரிசையில் நிற்கும்போது, கையில் ஸ்க்ரோல் பண்ண எதுவும் இருக்காது இல்லையா, அந்த ரெண்டு நிமிஷம் அவரையும் அந்த ஆறு பேரையும் நினைச்சுக்கோங்க.

அப்படியே இன்னொன்றையும் யோசிங்க. சாதிக்கு எதிராக ஸ்டேட்டஸ் வைக்கிறோம், நல்லதுதான். நம்ம வீட்டுச் சாப்பாட்டு இலையில் யார் யாரெல்லாம் உட்கார்ந்திருக்காங்க?