ஆசாரியர் ஜகதீச சந்திர போஸ்

இன்றைய வங்காள தேசத்து மைமன்சிங்கில் 1858ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் பிறந்தவர் ஜகதீச சந்திர போஸ். தந்தையார் பகவான் சந்திரர் அரசாங்க உத்தியோகத்தர். எனினும், பிறமொழி பயிலுமுன் தாய்மொழி அறிதல் வேண்டுமென்பது அவர் கொள்கை. ஆகவே மைந்தனை ஊர்ப் பாடசாலைக்கே அனுப்பினார். அங்கே முஸ்லிம் ஏவலாளர் ஒருவரின் மகன் ஒருபுறமும் மீனவர் மகன் மறுபுறமும் இருக்க, வங்காள மொழி பயின்றார் போஸ். தமிழாசிரியனாகிய யான் இச்சரிதத்தில் முதற்கண் போற்றுவது இதனையே.

கல்கத்தாவிலும் இங்கிலாந்திலும் கற்றுத் தேறி, 1885இல் கல்கத்தாப் பிரசிடென்சிக் கல்லூரியிற் பௌதிகம் கற்பிக்கலானார். ஒரே தொழிலுக்கு வெள்ளையருக்கு ஒரு சம்பளமும் இந்தியருக்கு அதனிற் குறைந்த சம்பளமும் வழங்கிய காலம் அது. போஸ் பூசலிடவில்லை, மூன்றாண்டுகள் சம்பளத்தைத் தொடாமலே கற்பித்தார். ஈற்றில் அரசு பணிந்து நிலுவை முழுவதையும் கொடுத்தது.

1894இல் ஆராய்ச்சி தொடங்கினார். ஆய்வுகூடமோ ஒரு சிற்றறை. துணைவரோ ஒரு தகரக்கொல்லர். அங்கே எழுப்பிய மின்னலைகளுட் சில 5 மில்லிமீற்றர் நீளமே உடையன. அஃதாவது செக்கனுக்கு 6,000 கோடி அதிர்வு. 1895இல் அவ்வலைகளைச் சுவரினூடே செலுத்தி, மணியை ஒலிக்கவும் வெடிமருந்தை வெடிக்கவும் செய்து காட்டினார்.

அலையை எழுப்புதலினும் ஏற்றல் அரிது. பாசிக்குடாவிற் கடலாடினோர் இதனை எளிதில் உணர்வர். அங்கே தரை மெல்ல மெல்லச் சரிதலின் அலை கரையேறி அடங்கும். செங்குத்துப் பாறையாயின் மோதித் திரும்பும். மின்னலைக்கும் அத்தகைய தடங்கல் உண்டு. வெற்றுவெளியின் தடங்கல் ஏறத்தாழ 377 ஓம். கருவியின் தடங்கல் அதனோடு பொருந்தாதாயின் அலையின் ஒருபகுதி திரும்பிவிடும். போஸ் தம் கருவிக் குழாயின் வாயைப் புனல்போல் விரித்தார். அலை படிப்படியாக உட்புகுந்தது. உள்ளே நின்ற உணர்கருவியின் சுருட்கம்பிகளை அழுத்தும் விசையையும் அவற்றிற்கு ஊட்டும் மின்னழுத்தத்தையும் நுணுக்கமாகத் திருத்தி, மெல்லிய அலையையும் உணரும் நிலையைக் கண்டார்.

இன்று உயர்மீடிறன் திரான்சிற்றர் விரியலாக்கி அமைப்போர்க்கும் இதுவே முதற் சிக்கல். ஏரியலுக்கும் முதற் திரான்சிற்றருக்கும் இடையே சுருள்களும் கொள்ளளவிகளும் வைத்துத் தடங்கலைப் பொருத்துகின்றனர். ஆயின் மிகுந்த வலுத் தரும் பொருத்தம் ஒன்று. இரைச்சல் மிகக் குறையும் பொருத்தம் பெரும்பாலும் வேறொன்று. முதற்படியின் இரைச்சலைப் பின்வரும் படிகள் யாவும் பெருக்கிவிடுமாதலால், அங்கே சிறிது வலுவை இழந்தேனும் இரைச்சலைக் குறைப்பர். மட்டக்களப்பு வாவியில் மீன்பாடல் கேட்போர், துடுப்பின் ஒரு முனையை நீரிலும் மறுமுனையைச் செவியிலும் வைப்பதோடமையாது, காற்றடங்கிய இரவையும் தேர்வதை ஒப்பிடுக.

கலீனாப் பளிங்கினாலும் போஸ் ஓர் உணர்கருவி ஆக்கினார். அது குறைகடத்தி, திரான்சிற்றரின் இனம். விவேகானந்தரின் சீடர் நிவேதிதை முதலிய நண்பர் வற்புறுத்த, 1901இல் விண்ணப்பித்து, 1904இல் அமெரிக்க உரிமைப் பத்திரமும் பெற்றார். ஆனால் விஞ்ஞானத்தாற் பொருளீட்ட விரும்பாது அதனைக் கைவிட்டார். உலகம் இதனைத் துறவென்று புகழும். அவ்வூதியத்தைப் பெற்று நம்மவர்க்கு ஆய்வுகூடம் ஒன்றை அப்பொழுதே எழுப்பியிருக்கலாம் என்பது எம் கருத்து. போஸ் ஆராய்ச்சி நிலையம் 1917 வரை காத்திருக்க நேர்ந்தது. சேமிப்பும் நன்கொடையுமே அதற்கு மூலதனம்.

பிற்காலத்திற் பயிர்களின் உணர்ச்சியை ஆராய்ந்தார். 1920இல் இலண்டன் றோயல் சங்கம் அவரை அங்கத்தவராக்கியது. 1937 நவம்பர் 23ஆம் நாள் கிரிதியிற் காலமானார். இன்னும் ஏழு நாள் இருந்திருப்பின் 79 வயது நிரம்பியிருக்கும். திரான்சிற்றர் பிறந்தது அதற்குப் பத்தாண்டுகளின் பின்னர், 1947 டிசம்பரில்.