ஜான் ஹன்டர்

ஜான் ஹன்டர் (பிப்ரவரி 13, 1728 – அக்டோபர் 16, 1793) ஸ்காட்லாந்தைச் சேர்ந்த அறுவை மருத்துவரும் உடற்கூற்றியலாளரும் ஆவார். அறுவை மருத்துவத்தைச் செய்முறைச் சோதனைகளின் அடிப்படையில் அமைத்தவர்களுள் முதன்மையானவராகக் கருதப்படுகிறார். பற்களைப் பற்றிய இவரது நூல்கள் இங்கிலாந்தில் பல் மருத்துவத்திற்கு அறிவியல் அடித்தளம் இட்டன. ஒருவரின் பல்லை மற்றொருவரின் தாடையில் பொருத்தும் முறையை இவர் பரிந்துரைத்தது கடும் விமர்சனத்துக்கு உள்ளானது.

வாழ்க்கைச் சுருக்கம்

ஹன்டர், ஸ்காட்லாந்தின் லாங் கால்டர்வுட் என்னும் இடத்தில், பத்துப் பிள்ளைகளுள் கடைசியாகப் பிறந்தார். பள்ளிக் கல்வியில் இவருக்கு நாட்டம் இருக்கவில்லை. 1748-ஆம் ஆண்டில் இலண்டன் சென்று, தமையனார் வில்லியம் ஹன்டர் நடத்திய உடற்கூற்றியல் பள்ளியில் உதவியாளராகச் சேர்ந்தார். பிணங்களை அறுத்து ஆராய்வதில் விரைவிலேயே தேர்ச்சி பெற்றார். பின்னர்ப் படை மருத்துவராகி, 1761-இல் பெல் ஈல் தீவிலும் அதன்பின் போர்த்துக்கல்லிலும் பணியாற்றினார்.

1763-இல் இலண்டன் திரும்பியபின், ஜேம்ஸ் ஸ்பென்ஸ் என்னும் பல் மருத்துவருடன் இணைந்து பணியாற்றினார். 1767-இல் அரச கழகத்தின் உறுப்பினரானார். 1768-இல் புனித ஜார்ஜ் மருத்துவமனையின் அறுவை மருத்துவராகவும், 1776-இல் மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் அறுவை மருத்துவராகவும் அமர்த்தப்பட்டார். பெரியம்மைத் தடுப்பு முறையால் புகழ்பெற்ற எட்வர்ட் ஜென்னர் இவருடைய மாணவர் ஆவார்.

பல் ஆய்வுகள்

மனிதப் பற்களின் அமைப்பையும் வளர்ச்சியையும் விளக்கும் நூலை 1771-இலும், பல் நோய்களைப் பற்றிய நூலை 1778-இலும் வெளியிட்டார். வெட்டுப்பற்கள், கோரைப்பற்கள், முன்கடைவாய்ப் பற்கள், கடைவாய்ப் பற்கள் என்னும் பகுப்பு இவரது நூலின் வழியே நிலைபெற்றது.

உயிருள்ள உடற்பகுதி மற்றோர் உடலோடு ஒட்டி வளரக்கூடும் என இவர் நம்பினார். இதனைச் சோதிக்க, அப்பொழுதே பிடுங்கிய மனிதப் பல் ஒன்றைச் சேவலின் கொண்டையில் பதித்தார். பின்னர் அதனை அறுத்துப் பார்த்தபோது, கொண்டையின் இரத்தக் குழல்கள் பல்லின் உட்பகுதி வரை சென்றிருக்கக் கண்டார்.

பல் மாற்றுச் சிகிச்சை

அக்காலத்தில் பல்லிழந்த செல்வர்கள், ஏழைகளின் பற்களை விலைக்கு வாங்கிப் பொருத்திக்கொள்வது வழக்கில் இருந்தது. ஹன்டரின் சோதனை இவ்வழக்கத்திற்கு அறிவியல் மதிப்பைத் தந்தது. பல் கொடுப்போர் இளையோராகவும் நோயற்றோராகவும் இருத்தல் வேண்டும். ஒருவர் பல் பொருந்தாவிடில் அடுத்தவர் பல்லை எடுப்பதற்கு ஏதுவாகப் பலரை ஆயத்தமாக வைத்தல் வேண்டும். பொருத்திய பல்லைப் பக்கத்துப் பற்களுடன் நூலால் கட்டுதல் வேண்டும் என்பன இவர் கூறிய விதிகளுட் சில.

பொருத்தப்பட்ட பற்கள் நிலைக்கவில்லை. அவற்றின் வேர் அரிக்கப்பட்டு, பெரும்பாலும் சில ஆண்டுகளில் விழுந்தன. வேற்றுடலின் திசுவை உடல் எதிர்ப்பதே இதற்குக் காரணம் என்பது 20-ஆம் நூற்றாண்டிலேயே தெளிவாயிற்று. பல் பெற்ற சிலர் நோயுற்றதாகவும் செய்திகள் வெளிவந்தன. பல் வழியே மேகநோய் பரவியதென்ற கருத்தை ஹன்டர் 1786-ஆம் ஆண்டு நூலில் ஏற்கவில்லை. 1787-இல் ஓவியர் தாமஸ் ரோலண்ட்சன், ஏழைச் சிறுவனின் பல் பிடுங்கப்பட்டுச் சீமாட்டிக்குப் பொருத்தப்படுவதைக் கேலிச் சித்திரமாக வரைந்தார். காலப்போக்கில் இவ்வழக்கம் மறைந்தது.

தாடையெலும்போடு இணையும் மாற்றுப் பல் பின்னாளில் உலோகத்தால் இயன்றது. சுவீடனைச் சேர்ந்த பெர்-இங்வார் பிரோனெமார்க், தைட்டானியம் எலும்போடு இறுகப் பிணைவதை 1950-களில் கண்டறிந்து, 1965-இல் முதன்முறையாக ஒரு நோயாளியின் தாடையில் பதித்தார். இம்முறையில் பிறரது பல் தேவைப்படவில்லை.

மறைவும் அருங்காட்சியகமும்

நெடுநாள் நெஞ்சுவலியால் துன்புற்ற ஹன்டர், புனித ஜார்ஜ் மருத்துவமனைக் கூட்டமொன்றில் எழுந்த வாக்குவாதத்தின்போது நிலைகுலைந்து இறந்தார். 1859-இல் இவரது உடல் வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்துக்கு மாற்றப்பட்டது.

இவர் திரட்டிய ஏறத்தாழ 14,000 மாதிரிகளை 1799-இல் பிரித்தானிய அரசு 15,000 பவுண்டுக்கு வாங்கியது. 1941-ஆம் ஆண்டுக் குண்டுவீச்சில் அவற்றுட் பெரும்பகுதி அழிந்தது. எஞ்சியவை இலண்டனிலுள்ள ஹன்டேரியன் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. மனிதப் பல் பதித்த சேவற்கொண்டையும் அவற்றுள் ஒன்றாகும்.