ஹீரோவாக இருந்தது போதும் என்று காணாமல் போன கிக்கர்: யார் இந்த பேட் ஓ'டே?

1934 செப்டம்பர். கலிஃபோர்னியாவின் வடக்கே, மலைக்காட்டுக்குள் இருக்கும் வெஸ்ட்வுட் என்ற சின்ன ஊர். அங்கே ரெட் ரிவர் லம்பர் கம்பெனி என்ற மர நிறுவனத்தில் சார்லஸ் மிட்செல் என்று ஒருவர் பல வருஷமாக வேலை பார்த்து வந்தார். வயது 62. தான் சார்லஸ் மிட்செல்லே இல்லை என்ற உண்மை அந்த மாதம்தான் சான் பிரான்சிஸ்கோ கிரானிக்கிள் நாளிதழ் வழியாக வெளியே வந்தது. அவர் பேட் ஓ'டே. முதல் உலகப்போரில் செத்துப் போய்விட்டதாக அமெரிக்க ஃபுட்பால் ரசிகர்கள் நம்பிக்கொண்டிருந்த ஆள்.

நிறைய பேருக்கு இன்று இந்தப் பெயர் புதுசு. ஆனால் 1890-களின் கடைசியில் அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலின் பெரிய ஸ்டார்களில் ஒருவர் இவர். அதுவும் காலால் பந்தை உதைத்தே பெயர் வாங்கியவர்.

ஆஸ்திரேலியாவிலிருந்து மேடிசன் வரை

ஓ'டே பிறந்தது 1872-ல், ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில். ஓடிக்கொண்டே பந்தை உதைப்பதுதான் அந்த ஊர் ஃபுட்பாலின் உயிரே. அதை ஆடித்தான் வளர்ந்தார். அண்ணன் ஆண்டி அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் படகுப்போட்டி கோச்சாக இருந்தார். அவரைத் தேடி 1896-ல் மேடிசன் நகரத்துக்கு வந்த தம்பி, அங்கேயே சட்டம் படிக்கச் சேர்ந்துவிட்டார். மைதானத்து ஓரமாக நின்றவர் பக்கம் பந்து உருண்டு வந்ததாம், இவர் திருப்பி உதைத்த தூரத்தைப் பார்த்து எல்லோரும் வாயடைத்துப் போனார்களாம். இப்படி ஒரு கதை ரொம்ப நாளாகச் சுற்றுகிறது. உண்மையோ பொய்யோ, இவரைப் பற்றிய பாதிக் கதைகள் இந்த ரகம்தான்.

முதல் சீசன் கை உடைந்ததோடு முடிந்தது. அடுத்த மூன்று சீசன்கள் வேற லெவல். 1898, 1899 இரண்டு வருஷமும் அவர்தான் கேப்டன். பத்திரிகைகள் வைத்த பட்டப்பெயர் 'கங்காரு கிக்கர்'.

ஒரு உதைக்கு ஏன் இவ்வளவு மவுசு?

இன்றைய அமெரிக்க ஃபுட்பாலில் டச்டவுனுக்கு 6 புள்ளி, ஃபீல்டு கோலுக்கு 3. கிக்கர் எப்போதாவது உள்ளே வருவார், உதைப்பார், போய்விடுவார். அன்றைக்குக் கணக்கே வேறு. 1898-ல் டச்டவுனுக்கும் 5, ஃபீல்டு கோலுக்கும் 5. மேலே தூக்கி முன்னால் வீசும் ஃபார்வர்டு பாஸ் அப்போது விதிப்படி கிடையாது, அது 1906-ல்தான் வந்தது. முட்டி மோதி அடி அடியாக நகர்வதை விட்டால் காலால் உதைப்பதுதான் வழி. தூரத்திலிருந்து கோலுக்குள் உதைக்கத் தெரிந்த ஒருத்தன் இருந்தால், எதிரணிக்கு மைதானத்தில் எந்த இடமும் பாதுகாப்பு இல்லை.

உதைப்பதிலும் இரண்டு வகை. பந்தைத் தரையில் நிறுத்தி உதைத்தால் பிளேஸ் கிக். கையிலிருந்து கீழே போட்டு, தரையில் பட்டு எழும்பும் அந்த நொடியில் உதைத்தால் ட்ராப் கிக். ஓ'டே இரண்டையும் செய்வார், பேர் வாங்கித் தந்தது இரண்டாவது. அப்போதைய பந்து இன்றைக்கு இருப்பதைவிடக் குண்டு, அதனால் ஓரளவு நேராக எழும்பும். அதற்காக அது ஈஸியான வேலை என்று நினைத்துவிட வேண்டாம்.

அந்த 62 யார்டு

1898 நவம்பர், தேங்க்ஸ்கிவிங் நாள். எவான்ஸ்டன் நகரில் நார்த்வெஸ்டர்னுக்கு எதிரான ஆட்டம். பனி கொட்டுகிறது. ஆட்டம் ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே பந்து ஓ'டே கைக்கு வருகிறது. கோல் இருப்பது 62 யார்டு தள்ளி, அதாவது கிட்டத்தட்ட 57 மீட்டர். இவ்வளவு தூரத்திலிருந்து யாரும் கோலுக்குக் குறிவைக்க மாட்டார்கள், பந்தைத் தூர விரட்டப் போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். இவரோ ட்ராப் கிக் அடித்தார். பந்து கோலுக்குள் போனது. விஸ்கான்சின் 47-0 என்று ஜெயித்த அந்த மேட்ச்சில் இன்று வரை பேசப்படுவது அந்த ஒரு உதை மட்டுமே.

அடுத்த வருஷம் மின்னசோட்டாவுக்கு எதிராக, பின்னாளில் பெரிய கோச்சான கில் டோபி துரத்தி வர, அவரை ஏமாற்றி விலகி ஓடிக்கொண்டே ஒரு ட்ராப் கிக் அடித்தார். சிலர் இதைத்தான் முந்தையதைவிடப் பெரிதாகச் சொல்வார்கள். அதே சீசனில் கிழக்குக் கடற்கரையின் ஜாம்பவான் யேல் அணியிடம் 6-0 என்று தோற்றதும் நடந்தது. எல்லா நாளும் கால் கைகொடுக்காது.

பிறகு என்ன ஆனது?

1900, 1901-ல் நோட்டர் டேம் அணிக்கு கோச். 1902-ல் மிசோரிக்கு. மோசம் என்று சொல்ல முடியாது, ஆனால் ஆட்டக்காரராக வாங்கிய பெயருக்குப் பக்கத்தில்கூட இந்த வேலைகள் வரவில்லை. பிறகு சான் பிரான்சிஸ்கோ பக்கம் குடியேறினார், ஸ்டான்ஃபோர்டு படகு அணிக்குக் கொஞ்ச காலம் பயிற்சி கொடுத்தார்.

1917-க்குப் பிறகு ஆள் இல்லை. அந்த வழியாகப் போன ஆஸ்திரேலியப் படையோடு சேர்ந்துவிட்டார், போரில் இறந்து பெயர் தெரியாத சிப்பாயாகப் புதைக்கப்பட்டார் என்று பேச்சு பரவியது. யாரும் மறுக்கவில்லை. மறுக்க வேண்டியவர் காட்டுக்குள் வேறு பெயரில் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார்.

ஏன் ஓடினார்? வெளியே வந்தபோது அவர் கொடுத்த விளக்கம் இதுதான்: எங்கே போனாலும் தன்னை அந்தப் பழைய ஃபுட்பால் ஆட்டக்காரனாக மட்டுமே பார்த்தார்கள், பேசினால் அந்த உதைகளைப் பற்றி மட்டுமே பேசினார்கள். இருபதுகளில் செய்த ஒரு விஷயம், நாற்பதைத் தாண்டியும் தன்னை வேறு எவனாகவும் ஆக விடவில்லை. அந்தப் பெயரையே கழற்றிப் போட்டால்தான் வாழ முடியும் என்று தோன்றியதாம். இது முழுக் காரணமா என்று சந்தேகப்பட இடமிருக்கிறது. சலிப்பு மட்டும் ஒருவரை 17 வருஷம் செத்தவராகவே இருக்க வைக்குமா? ஒரு பெயர் சுமையாக முடியும் என்பதை மட்டும் அவர் வாழ்க்கையைப் பார்த்தால் மறுக்க முடியாது.

திரும்பி வந்த நாள்

செய்தி வந்ததும் மேடிசனில் முதலில் கேட்ட கேள்வி, இவர் உண்மையிலேயே ஓ'டேதானா என்பது. பழைய டீம்மேட்கள் நேரில் பார்த்து, பழைய ஆட்டங்களைப் பேசித்தான் திருப்தி அடைந்தார்கள். 1934 நவம்பரில் இல்லினாய் அணிக்கு எதிரான ஹோம்கமிங் ஆட்டத்துக்கு விஸ்கான்சின் அவரை அழைத்துக் கொண்டாடியது. அந்த மேட்ச்சையும் 7-3 என்று ஜெயித்தார்கள். இன்னொரு வேடிக்கை, அதே 1934-ல்தான் பந்தின் முனைகள் இன்னும் கூராக்கப்பட்டன. அதன் பிறகு தரையில் பட்ட பந்து எந்தப் பக்கம் எழும்பும் என்றே சொல்ல முடியாமல் போய், ட்ராப் கிக் மெல்ல வழக்கொழிந்தது.

மிட்செல் என்ற பெயரை விட்டுவிட்டு, மீதி வாழ்க்கையை ஓ'டே என்ற பெயரிலேயே வாழ்ந்தார். 1962 ஏப்ரலில், சான் பிரான்சிஸ்கோவில் அவர் உடல்நிலை மோசமாக இருந்த சமயத்தில், கல்லூரி ஃபுட்பால் ஹால் ஆஃப் ஃபேமுக்கு அவர் தேர்வான செய்தி வந்தது. ஓரிரு நாளில் இறந்துபோனார். வயது 90.